சிவப்பு டிக் போட்ட தாள்

மஸ்கட்டில் எனக்குச் சோறு போடுவது என் சந்தேகம்தான். மற்றவர்கள் வரைந்த கட்டட வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கம்பி போதுமா, படிக்கட்டின் உயரம் சரியா, குழாய் தூணுக்குள் புகுந்து போகிறதா என்று ஒவ்வொரு கோட்டையும் நம்பாமல் பார்ப்பேன். எல்லாம் சரியென்று பட்டால் மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக். பதினேழு வருடமாக இதையே செய்ததில், அலுவலகத்திலேயே கழற்றி வைக்க வேண்டிய குணம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. டாக்ஸிக்காரர் ஏன் இந்தப் பக்கம் திரும்புகிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஏன் இன்று சிரித்தார் என்று எதையாவது கிளறிக்கொண்டே இருப்பேன். "கட்டுன பொண்டாட்டிக்கே இன்னும் டிக் போடல நீங்க" என்பாள் மனைவி.

அந்தக் குணத்தால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதவே கை கூசுகிறது.

மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, பிரியாணி முடிந்து, குட்டித் தூக்கமும் முடிந்த பிறகு நாலு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் அங்கே கூடி, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கிப் படம் பார்ப்போம். முதலில் தமிழ்ப் படங்கள்தான் போட்டோம். இரண்டு நடிகர்களின் ரசிகர்கள், அதிலும் ஒருவர் வங்கி மேலாளர், சட்டையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போனார்கள். கீழே கடைக்காரரும் சத்தம் தாங்கவில்லை என்றார். ஊமைப்படம் போடலாம் என்று நான்தான் சொன்னேன். நூறு வருடத்துக்கு முந்தைய நடிகருக்கு ரூவியில் ரசிகர் மன்றம் கிடையாது. அந்த யோசனை எல்லோருக்கும் பிடித்துப்போனது.

ஊமைப்படத்தில் பேச்சுக்குப் பதிலாக நடுநடுவே எழுத்து அட்டைகள் வரும். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கு ஆங்கிலம் வராது. அதனால் ஒவ்வொரு அட்டைக்கும் எண் போட்டு நான் தமிழில் எழுதிக்கொண்டு போவேன். அதை ஒருவர் உரக்க வாசிப்பார். வாசிப்பவர் பாய்.

அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடலோர ஊர்க்காரர், அறுபது வயதுக்கு மேலிருக்கும். ரூவியில் அத்தரும் கைக்கடிகாரமும் விற்கும் கடை வைத்து முப்பது வருடம் ஆகிவிட்டது. குரல் என்றால் அதுதான் குரல். கதாநாயகி அழுதால் அவர் தொண்டை கம்மும். வில்லன் பேச்சு வரும்போது தாடியைத் தடவிக்கொள்வார். நான் "நில்" என்று எழுதியிருந்தால் "நில்லுடா அங்கேயே" என்று வாசிப்பார். கைதட்டல் அவருக்குத்தான் விழும், எழுதினவனை எவன் நினைக்கிறான். ஆனாலும் தாளை அவரிடம் கொடுக்கும் அந்த நிமிடத்துக்காகவே நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன். இந்த ஊரில் எனக்குச் சிநேகிதர் என்று சொல்ல அவர் ஒருவர்தான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை நான் படத்தின் லிங்க்கை அவருக்கு மட்டும் அனுப்புவேன். ஆள் இல்லாத நேரத்தில் கடையில் உட்கார்ந்து கைபேசியில் ஒருதரம் பார்த்து வைத்துக்கொள்வார். எங்கே இழுப்பது, எங்கே நிறுத்துவது என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு.

அந்த முறை நான் தேர்ந்தெடுத்தது ஒரு ஜெர்மன் ஊமைப்படம். பனி பெய்யும் சிற்றூரில் மாவு மில் வைத்திருக்கும் ஒரு யூதர். மனைவி, கைக்குழந்தை, பக்கத்து வீட்டிலிருந்து தினமும் வந்து சூப் குடித்துவிட்டுப் போகும் ஒரு சிநேகிதன். ஊரில் ஒரு குழந்தை காணாமல் போகிறது. யூதர்கள்தான் தூக்கியிருப்பார்கள் என்று பேச்சு கிளம்புகிறது. எரிக்க வேண்டிய வீடுகளின் கதவில் யாரோ சாக்கட்டியால் குறி போடுகிறார்கள். மில்லும் வீடும் எரிகின்றன, மனைவி புகையில் சாகிறாள். அவர் மகளை மாவுச் சாக்கில் சுற்றிக்கொண்டு கப்பலேறுகிறார். இருபது வருடம் கழித்து அந்தப் புதிய நாட்டின் துறைமுகத்தில் அதே பக்கத்து வீட்டுக்காரன் கந்தல் கோட்டோடு வந்து இறங்குகிறான். உள்ளே விட வேண்டுமானால் அங்கிருக்கும் யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அவனுக்குத் தெரிந்த ஒரே பெயர் மில்காரரின் பெயர்.

இணையத்தில் கிடைத்த ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு மூன்று மாலை உட்கார்ந்து ஆசையாக எழுதினேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் படத்தின் பெயரைப் போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, லிங்க்கை அனுப்புவதற்கு முன்பே, இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் போன் செய்தார். எங்கள் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் முதலில் பயப்படுபவர் அவர்தான்.

"என்ன சார், யூதன் படம் போடுறீங்களாமே? இருக்குற நெலமை தெரியுமா தெரியாதா? டிவிய போட்டா யுத்தம்தான் ஓடுது. நாளைக்கு எவனாவது ஒரு வார்த்தை சொல்லி வச்சா வீசா என்னாகும்?"

"இது நூறு வருஷத்துக்கு முந்தின கதை சார். இந்த யுத்தத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்களுக்கு இல்ல. பாய்க்கு? வாசிக்கப் போறது அவருதான? அவரு கடை டிவில நாள் பூரா அந்த நியூஸ்தான். போன வாரம் நான் போனப்ப அழுதுட்டு இருந்தாரு. அவரு வாயால யூதன் பாவம்னு வாசிக்கச் சொல்றீங்க. வாசிப்பாரா? வாசிக்காட்டியும் பரவால்ல, யார்கிட்டயாவது போய்ச் சொன்னா?"

போனை வைத்துவிட்டேன். அவர் விதைத்தது எனக்குள் அரை மணியில் முளைத்துவிட்டது. பாய் அழுததை நானும் பார்த்திருக்கிறேன். இடிந்த வீட்டின் கல்லுக்கடியிலிருந்து ஒரு பிள்ளையை எடுத்த காட்சி அது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்கு மீதிச் சில்லறை கொடுத்தார். அப்போது டிவியின் சத்தத்தை நான்தான் குறைத்தேன். இப்போது அதே காட்சி வேறு மாதிரி தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றே இன்னொரு பிரதி எழுதினேன். யூதர் என்ற சொல் வந்த இடமெல்லாம் "வெளியூர்க்காரர்" ஆனது. அவர்கள் தொழும் இடம் "பொதுக்கூடம்" ஆனது. அட்டைகள் ஜெர்மனில் இருப்பதால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று கெட்டிக்காரத்தனமாக நினைத்துக்கொண்டேன். இரண்டு பிரதியும் கலந்துவிடக் கூடாதே என்று, பாய்க்குக் கொடுக்க வேண்டியதன் மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டேன். பழக்க தோஷம். இன்னொன்றைக் கிழித்துப் போட மனம் வரவில்லை, மூன்று நாள் உழைப்பு. அதையும் அதே பையில் வைத்தேன்.

லிங்க்கை அவருக்கு அனுப்பவில்லை.

அன்று இரவே அவர் கேட்டார். புதன் சாயங்காலம் மறுபடியும் குரல்செய்தி அனுப்பினார். "தம்பி, லிங்க் வரலயே. மறந்துட்டிங்களா?" நெட் சரியில்லை என்று பொய் சொன்னேன். வியாழக்கிழமை, "நாளைக்கி எத்தன பேர் வருவாங்க தம்பி? ஜன்னல்ல கறுப்புத் துணி கட்டுறது யாரு?" என்று கேட்டார். வழக்கமாகச் சமோசா வாங்கி வருகிறவர் அவர்தான், எத்தனை பேர் என்று கேட்பது வழக்கம்தான். கறுப்புத் துணியைப் பற்றி ஏன் கேட்கிறார்? இரவெல்லாம் அந்தத் துணி என் தலைக்குள் ஆடியது. "தூங்குங்க, அவரு என்ன போலீஸா?" என்றாள் மனைவி. அவளுக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாய் சமோசாப் பெட்டியோடு வந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளை திஷ்தாஷா அங்கியும் பூவேலைத் தொப்பியுமாக ஒரு ஓமானியப் பெரியவர் படியேறி வந்தார். எங்கள் கூடத்துக்குள் அதுவரை ஒரு ஓமானியர் வந்ததில்லை. பாய் அவரைப் பின்வரிசையில் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, ஏதோ அரபியில் சொன்னார். இன்சூரன்ஸ் நண்பர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். படத்தை ரத்து செய்துவிடலாமா என்று யோசித்தேன். முப்பது நாற்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள், அதற்கு என்ன காரணம் சொல்வது?

புரொஜக்டர் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பாய் கேட்டார். "தம்பி, தாளு?"

"பையில இருக்கு பாய், எடுத்துக்குங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையிலும் இரண்டு கட்டு.

"ரெண்டு இருக்கே?"

"டிக் போட்டது உங்களுக்கு பாய்."

"மத்தது?"

"அது... பழைய காப்பி."

இரண்டின் முதல் பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒன்றைப் பைக்குள் வைத்துவிட்டு, டிக் போட்டதை எடுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போய்ச் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டார்.

படம் ஓடியது. பாய் வாசித்தார். நான் எழுதினதை எழுதினபடியே வாசித்தார். ஒரு "டா" சேர்க்கவில்லை, தாடியைத் தடவவில்லை, குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது போல இருந்தது. திரையிலோ எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரி இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிக் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். ஆண்கள் தலையில் தொப்பி, தோளில் கோடு போட்ட துண்டு. தொழுமிடத்தில் பெரிய தோல்சுருளைத் தோளில் தாங்கி வருகிறார்கள். பாய் வாசிக்கிறார்: "வெளியூர்க்காரர்கள் பொதுக்கூடத்தில் கூடினார்கள்."

கதவில் சாக்கட்டிக் குறி விழுந்தது. மில் எரிந்தது. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மா எங்கள் கூட்டத்தில் உண்டு. அவர் முன்வரிசையிலிருந்து கேட்டார்.

"பாய், ஒரு நிமிஷம். எனக்குக் கதையே புரியல. இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்க மாதிரிதான இருக்காங்க? அப்புறம் என்ன வெளியூர்? எதுக்கு இவங்க வீட்ட மட்டும் எரிக்கிறாங்க? யாரு இவங்க?"

பாய் விளக்கை அணைக்கவில்லை, தாளிலிருந்து தலையைத் தூக்கவுமில்லை.

"என் தாள்ல அது இல்லம்மா. எழுதினவரக் கேளுங்க."

யாரோ படத்தை நிறுத்தினார்கள். எரியும் கூரை திரையில் அப்படியே நின்றது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பின்வரிசையில் ஓமானியர் தேநீர்க் குவளையை முழங்காலில் வைத்துக்கொண்டு அவரும் என்னைப் பார்த்தார். வேலை, வீசா, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. சொல்லாமல் தப்பிக்கவும் வழியில்லை.

"யூதர்கள்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அதான் பாத்தாலே தெரியுதே" என்றார் வங்கி மேலாளர். "அத ஏன் வெளியூர்க்காரன்னு எழுதி வச்சீங்க?"

இன்சூரன்ஸ் நண்பர் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பையைத் திறந்து மற்ற பிரதியை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். "பாய், இத வாசிச்சிருங்க. இதுல சரியா இருக்கு."

"வேணாம் தம்பி. எனக்கு டிக் போட்டது இதுதானே. நான் இதையே வாசிக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னு தப்பத் திருத்துங்க. அது உங்க வேலைதானே."

படம் மறுபடி ஓடியது. அவர் "வெளியூர்க்காரர்" என்று வாசிப்பார். பிறகு நிறுத்துவார். நான் "யூதர்" என்று சொல்லும் வரை அடுத்த சொல்லுக்குப் போகமாட்டார். எத்தனை இடத்தில் அந்தச் சொல்லை அடித்திருந்தேன் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. கப்பலில் ஒருதரம், துறைமுகத்தில் நாலுதரம். ஊர் முன்னால் நிற்க வைத்து என் வரைபடத்தை வேறொருவர் சரிபார்ப்பது போல இருந்தது. கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

துறைமுகக் காட்சியில் "உனக்குப் பொறுப்பேற்க இங்கே யார் இருக்கிறார்கள்?" என்ற அட்டை வந்தபோது, "கஃபீல் யாருன்னு கேக்குறான்" என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. எங்கள் ஒவ்வொருவரின் வீசாவுக்கும் பொறுப்பேற்று நிற்கும் உள்ளூர்க்காரர்தான் கஃபீல். பாய் சிரிக்கவில்லை.

மில்காரர் கையெழுத்துப் போடக் கூப்பிடப்பட்டு வருகிறார். தலை நரைத்துவிட்டது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "என் கதவில் குறி போட்டது யார்?" பக்கத்து வீட்டுக்காரன் முழங்காலில் விழுகிறான். அவன் சொல்லும் பதில் என் இரண்டு பிரதியிலும் ஒன்றுதான். மாற்ற வேண்டிய சொல் எதுவும் அதில் இல்லை.

"நான்தான் போட்டேன். பயந்துவிட்டேன். உன் கதவில் போடாவிட்டால் என் கதவில் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்."

அந்த ஓர் அட்டையை மட்டும் பாய் தன் பழைய குரலில் வாசித்தார். தொண்டை கம்மியது. என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

மில்காரர் கையெழுத்துப் போடவில்லை. திருப்பி அனுப்ப வேண்டியவர்களின் கோட்டில் அதிகாரி குறி போடும் சாக்கட்டி மேஜை மேல் கிடக்கிறது. எடுத்து அவன் கோட்டின் மார்பில் ஒரு குறி போடுகிறார். குறி விழுந்தவனைத் திரும்பக் கப்பலில் ஏற்றுகிறார்கள். வளர்ந்த மகள் அப்பாவின் விரலில் ஒட்டிய வெள்ளைத் தூளையே பார்த்துக்கொண்டு நிற்பதோடு படம் முடிந்தது. கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

எல்லோரும் சமோசாப் பெட்டியைச் சுற்றி நின்றபோது ஓமானியப் பெரியவர் என்னிடம் வந்தார். சிறு வயதில் பம்பாயில் இருந்தவராம், இந்தி சரளமாகப் பேசினார்.

"நல்ல படம். இந்தக் கட்டடம் என்னுடையது. கீழே கடைக்காரன் ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி மேலே ஏதோ நடக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னான். அதைக் கேள்விப்பட்டு அதே நாள் உங்கள் பாயும் வந்தார். 'யூதர்களைப் பற்றிய பழைய படம், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் கதை, நானே இரண்டு தடவை பார்த்துவிட்டேன், தப்பாக ஒன்றும் இல்லை, எழுதுகிறவர் பயந்த சுபாவம், ஏதாவது கேள்வி வந்தால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்' என்றார்." பெரியவர் சிரித்தார். "சரி, நானும் வந்து பார்க்கிறேன் என்றேன். இந்தப் படத்துக்கு அவர்தான் உன் கஃபீல்."

கையிலிருந்த சமோசாவை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். லிங்க் கேட்டு இரண்டு முறை பேசியது, எத்தனை பேர் என்று கேட்டது, துணியைப் பற்றிக் கேட்டது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. நான் மறைத்த படத்தை, குழுவில் போட்ட பெயரைக் கொண்டே அவர் தேடிக் கண்டுபிடித்து, எனக்காகப் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார். வந்தவரின் கையில் நான் டிக் போட்ட தாளைக் கொடுத்திருக்கிறேன்.

பாய் படியிறங்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"பாய், மன்னிச்சிருங்க. அந்த இன்சூரன்ஸ்காரருதான் போன் பண்ணி..."

"யாரு பண்ணுனாலும் எழுதுனது உங்க கையிதானே தம்பி." நின்றார். கோபமாக இல்லை, களைத்துப்போனவர் போல இருந்தார். "அந்த வூட்டுக்காரி புகையில சாவுற எடத்துல போன மூடி வச்சிட்டேன். கடைக்கி ஆளு வந்து நிக்கிது, எனக்கு எந்திரிக்க முடியல. இத எப்படி வாசிக்கிறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சி வச்சிருந்தேன். தம்பி நல்லா எழுதியிருப்பாருன்னு நெனச்சேன்."

"நல்லாத்தான் எழுதியிருந்தேன் பாய். அந்த இன்னொரு..."

"பாத்தேன். மொதப் பக்கம் நல்லா இருந்திச்சி."

சமோசாப் பெட்டியின் மூடியை மறந்துவிட்டதாகச் சொல்லி, நாளைக்குக் கடைக்குக் கொடுத்து அனுப்பச் சொன்னார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தேநீர் வரவழைத்தார், மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார். எல்லாம் பழையபடிதான் நடந்தது.

இப்போதும் வெள்ளிக்கிழமை படம் உண்டு. ஜன்னலில் துணி கட்டுகிறோம், கடைக்காரரும் சில நாள் மேலே வந்து பார்க்கிறார். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக லிங்க்கை அனுப்பிவிடுகிறேன். பாய்தான் வாசிக்கிறார், தாடியைத் தடவுகிறார், "டா" போடுகிறார், கைதட்டு வாங்குகிறார். எழுதுவதற்கு நீல மசியைத் தவிர நான் வேறு எதையும் தொடுவதில்லை. ஆனால் வாசிக்க ஆரம்பிக்குமுன், சின்ன விளக்கைப் போட்டதும், பாய் தாளின் மேல் மூலையை ஒருதரம் பார்க்கிறார். பிறகு என் பையை ஒருதரம் பார்க்கிறார். அதற்கப்புறம்தான் முதல் அட்டையை வாசிக்கிறார்.